நம்பிக்கை விலகிய பின் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

வணக்கமுங்க. எனக்கு வயசு 36. பிறந்தது கோபிப் பக்கம் ஒரு கிராமம், கட்டிக்கொடுத்தது திருப்பூர். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. சின்ன வயசில் மாரியம்மன் பொங்கலுக்குக் கோயில் முன்னால் நட்ட கம்பத்துக்குத் தண்ணி ஊத்த விடியக்காலம் ஈரத்துணியோடு முதல் ஆளாக ஓடுவேன். இப்போது எந்தக் கோயிலில் நின்றாலும் உள்ளே ஒன்றும் நடப்பதில்லை. குலதெய்வக் கோயிலில் வரி, முதல் மரியாதை என்று சண்டை நடக்கும்போது எழுந்து வெளியே போய்விடுகிறேன். கடவுளே இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. பணம் கட்டி ஒரு தியான வகுப்புக்குப் போனேன். முடிந்த அன்றைக்கே அடுத்த நிலைக்குக் கட்டச் சொன்னார்கள். ராத்திரியில் யூடியூபில் உரைகள் கேட்கிறேன். உண்மைக்குப் பாதையே கிடையாது என்று தத்துவஞானி ஜே. கிருஷ்ணமூர்த்தி சொன்னதாக ஒருவர் பேசினார். கேட்கும்போது சரி என்று படுகிறது. காலையில் எழுந்தால் பழையபடிதான். அத்தை படுத்த படுக்கையாக இருந்த இரண்டு வருசம், அவரைக் குளிப்பாட்டித் தலை துவட்டிவிடும் நேரத்தில் மட்டும் மனசு ஓரிடத்தில் நிற்கும். அவர் போய் எட்டு மாசமாகிறது. எனக்கென்று ஒரு வழி எப்படிக் கிடைக்குமுங்க? இந்த வருசம் மாரியம்மன் பூச்சாட்டுத் திருவிழாவுக்கு வரவில்லை என்றதும் அம்மா அழுதுவிட்டார். மகள் வேறு, சாமி நிஜமாவே இருக்குதா என்று கேட்கிறாள்.

பெயர் வேண்டாமுங்க.

*

அன்புள்ள அம்மிணி,

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி உங்கள் அத்தையைப் பற்றியது. அதை யூடியூபுக்கும் பூச்சாட்டுக்கும் நடுவே போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். தேடுவதாகச் சொல்லும் இடத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர் நீங்கள்.

முதலில் எதை இழந்தீர்கள் என்று பாருங்கள். நம்பிக்கை போயிற்று, சரி. அதோடு நியமத்தையும் விட்டுவிட்டீர்கள். கம்பம் நட்டுக் காப்புக் கட்டியபின் ஊரே கவுச்சியை ஒதுக்கும், வெளியூரில் ராத்தங்காது, விடிவதற்குள் எழும். அந்தக் குளிரில் நடுங்கிக்கொண்டு குடத்தோடு ஓடிய சிறுமிக்கு மாரியம்மனைப் பற்றி என்ன தத்துவம் தெரியும்? உடம்பு முழுக்க அங்கே இருந்தது, மனசும் கூடவே இருந்தது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களும், மூங்கில் தடியோடு வெள்ளியங்கிரி ஏறுபவர்களும் அப்படித்தான். மதம் ஒரு நாள், ஒரு வேளை, ஒரு விரதம் என்று மனிதரைக் கட்டி நிறுத்துகிறது. அந்தக் கட்டு அறுந்தால் அதே உறுதியுள்ள இன்னொன்றை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். இரவில் கேட்கும் உரை நம்மிடம் எதையும் கேட்பதில்லை. எவ்வளவு உயர்ந்த பேச்சாக இருந்தாலும் அதனால்தான் காலையில் பழையபடி இருக்கிறது.

உண்மைக்குப் பாதை இல்லை என்று கிருஷ்ணமூர்த்தி சொன்னது 1929 ஆகஸ்டில், நெதர்லாந்தின் ஓமன் என்ற ஊரில். அவரை உலக ஆசான் என்று நம்பிக் காத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களின் அமைப்பைத் தானே கலைத்துவிட்டு, வந்திருந்த சொத்துகளையும் திருப்பிக் கொடுத்தார். அந்தச் சொல்லுக்கு அவர் கொடுத்த விலை அது. அதன்பின் 1986இல் இறக்கும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் பேசிய அவர், தினமும் நெடுந்தூரம் நடந்தவர், ஆசனங்கள் பழகியவர். பாதை இல்லை என்பதைச் சும்மா படுத்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு இதில் வள்ளலார்தான் பெரிய வெளிச்சம். திருவொற்றியூரிலும் திருத்தணியிலும் நின்று உருகிப் பாடிய அதே மனிதர், கடைசியில் சாதி, சமயம் அத்தனையையும் விடச் சொன்னார். தனக்கே ஒருகாலத்தில் சைவத்தில் பெரும் பற்று இருந்ததையும், அது போனதையும் 1873இல் மேட்டுக்குப்பத்தில் வெளிப்படையாகப் பேசினார். அந்த மாற்றத்துக்கு அவர் பல வருடம் எடுத்துக்கொண்டார். விட்ட இடத்தில் அவர் வைத்தது என்ன என்பதைக் கவனியுங்கள். 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். அது இன்றும் அணையாமல் எரிகிறது, பசித்து வந்தவர்களுக்குச் சோறு கிடைக்கிறது. ஜோதி வழிபாட்டுக்கான ஞானசபை 1872இல்தான் வந்தது. முதலில் சோறு, பிறகு சபை. மோட்ச வீட்டின் திறவுகோல் ஜீவகாருண்யம் என்று அவர் எழுதியதை நான் அப்படியே நம்புகிறேன். ஒருவர் தலையை ஈரம் போகத் துவட்டும்போது உங்கள் மனம் நின்றது என்றால் அதை வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

ஊரைவிட்டு விலகிப் போகிறோமோ என்ற குற்றவுணர்ச்சியும் வேண்டாம். நம் கொங்கு மண் ஒரே வழியில் நின்ற மண் கிடையாது. விஜயமங்கலத்தில் சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் சமணர்; பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம் அவர் ஊர் என்று சொல்வார்கள். ஊதியூர் மலையில் கொங்கணச் சித்தர் பெயரைச் சொல்லி இன்னும் ஏறுகிறார்கள். நட்ட கல்லும் பேசுமோ என்று சித்தர் சிவவாக்கியர் கேட்டதைச் சைவர்களே பாடித் திரிகிறார்கள். முதல் மரியாதைச் சண்டையின்போது எழுந்து போனீர்களே, அதில் நான் முழுக்க உங்கள் பக்கம். மனிதரை வரிசை பிரித்து நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இனி செய்ய வேண்டியது. உங்கள் வீதியிலேயே படுக்கையில் கிடக்கும் ஒருவர் இருப்பார். கவனிக்கும் வீட்டார் சலித்துப்போயிருப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு முதியோர் இல்லம். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஷிப்மெண்ட் நெருக்கினாலும் தவறக்கூடாது. குளிப்பாட்டுங்கள், நகம் வெட்டிவிடுங்கள், அவர் பேசினால் கேளுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். தினமும் விடியலில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள், காதில் எதுவும் மாட்டாமல். தியான வகுப்பின் அடுத்த நிலைக்குப் பணம் கட்டாதீர்கள். ஒரு வருடம் இதை மட்டும் செய்யுங்கள். பல வாரம் ஒன்றுமே தோன்றாது, எரிச்சல்தான் வரும். அப்போதும் போங்கள்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. அமைதி வேண்டும் என்று போனால் நோயாளியை உங்கள் மருந்தாக்கிக்கொள்வீர்கள். அத்தையை நீங்கள் அமைதிக்காகக் குளிப்பாட்டவில்லை. அவருக்குக் குளிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அமைதி கேட்காமல் வந்தது. மறுபடி வராமலும் போகலாம். வராவிட்டாலும் அந்தக் கிழவருக்கு முதுகு தேய்த்துவிட ஒரு ஆள் வேண்டுமே.

இன்னொன்று: எட்டு மாதம் அதிக நாளில்லை. கோயிலில் தெரியும் வெறுமையில் பாதி அத்தை இல்லாத வெறுமையாகவும் இருக்கலாம். அழ வேண்டியதை அழுதுவிடுங்கள்.

பூச்சாட்டுக்குப் போய் வாருங்கள். அம்மாவோடு மாவிளக்கு எடுப்பதற்கு நம்பிக்கை இருந்தாக வேண்டும் என்றில்லை, அம்மா இருந்தால் போதும். உங்கள் மனதில் நடப்பதை அவருக்கு விளக்கி வாதாட வேண்டாம். வேண்டுதல், வாக்குக் கேட்பது என்று உங்களுக்கு ஒவ்வாததைச் செய்யச் சொன்னால் மட்டும் பணிவாக மறுத்துவிடுங்கள்.

மகளிடம் இருக்குது என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். "எனக்கும் தெரியல கண்ணு, தேடிக்கிட்டுத்தான் இருக்கறேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். வாரம் ஒருநாள் போகிறீர்கள் அல்லவா, கொஞ்சம் பழகியபின் அவளையும் கூட்டிப் போங்கள். வர மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். பாட்டியோடு கம்பத்துக்குத் தண்ணி ஊத்த ஆசைப்பட்டால் அதையும் தடுக்காதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்