செயற்கை மின்னல்: வாசகர் கேட்டவை

கேள்வி: வீட்டுக்கு வருவது 230 வோல்ட். லேபில் மட்டும் பத்து லட்சம் வோல்ட் எப்படி வருகிறது?

ஒரே தாவலில் வராது. டிரான்ஸ்பார்மரும், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரும் வைத்து முதலில் 100 கிலோவோல்ட், அதாவது ஒரு லட்சம் வோல்ட், டிசி எடுப்போம். அதை அடுக்கடுக்காக நிற்கும் பத்து கெப்பாசிட்டர்களுக்கு (சார்ஜைச் சேர்த்து வைக்கும் சாதனங்கள்), பக்க இணைப்பில், ரெசிஸ்டர்கள் வழியாக நிதானமாக ஏற்றுவோம். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் இரண்டு உலோக உருண்டைகள், இடையில் வெறும் காற்று, அதுதான் ஸ்விட்ச். அடியில் இருக்கும் ஜோடியில் பொறியைத் தட்டிவிட்டால் போதும், மேல் ஜோடிகளில் அழுத்தம் எகிறி வரிசையாகப் பற்றிக்கொண்டு, பத்தும் கண் இமைக்கும் முன் தொடர் இணைப்பாகிவிடும்; பத்து ஒரு லட்சங்கள் கூடிப் பத்து லட்சம் வோல்ட். உருண்டைகளை ஒரே நேர்கோட்டில் வைப்பதற்கும் காரணம் உண்டு: கீழ்ப்பொறியின் புற ஊதா ஒளி மேலே பட்டால் அடுத்த பொறி சுலபமாக வரும். 1920-களில் எர்வின் மார்க்ஸ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் கொடுத்த யோசனை, இன்றும் எனக்கு அலுக்கவில்லை.

கேள்வி: கரண்ட் பில் எகிறுமே?

எகிறாது. ஒவ்வொரு கெப்பாசிட்டரின் கொள்ளளவும் 1 மைக்ரோஃபாரட் என்றால் பத்திலும் சேர்ந்து 50 கிலோஜூல். 1000 வாட் இஸ்திரிப்பெட்டி 50 விநாடிக்கு எடுப்பது அவ்வளவுதான்.

கேள்வி: இதனால் யாருக்கு என்ன லாபம்?

110 கிலோவோல்ட் டிரான்ஸ்பார்மர் ஒன்றை சப்-ஸ்டேஷனுக்கு அனுப்புமுன் பெரும்பாலும் 550 கிலோவோல்ட் இம்பல்ஸ், அதாவது மின்னல் மாதிரி ஒரு திடீர் அடி, அடித்துப் பார்ப்பார்கள். எவ்வளவு வோல்ட் என்பதைப் போலவே அலையின் வடிவமும் முக்கியம்: 1.2 மைக்ரோவிநாடியில் உச்சிக்கு ஏறி, 50 மைக்ரோவிநாடியில் பாதியாக இறங்க வேண்டும். முதலில் குறைந்த வோல்டேஜில் ஒரு அடி, அப்புறம் முழு அடி. இரண்டு அலைகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்கும்போது, வாலில் சின்னதாக ஒரு நெளிவு தெரிந்தால்கூட உள்ளே காயிலில் இன்சுலேஷன் போயிருக்கலாம் என்று சந்தேகப்படுவோம். வெளியில் கீறல்கூட இருக்காது. நாலு ஊருக்கு மின்சாரம் தரப்போகிற பொருள், அந்த நெளிவை ஒருநாளும் அலட்சியம் செய்யக்கூடாது.

கேள்வி: கண்காட்சியில் பார்த்த டெஸ்லா காயிலும் இதுதானா?

இல்லை. அது உயர் அதிர்வெண்ணில் விடாமல் பொறிவது. இது ஒரே அடி.

கேள்வி: மாடியில் சின்னதாக ஒன்று செய்யட்டுமா?

தயவுசெய்து வேண்டாம். பளிச்சென்று வெட்டி, வெடிச்சத்தம் அடங்கியபிறகுதான் ஆபத்தே. கெப்பாசிட்டரை ஒருமுறை ஷார்ட் செய்து எடுத்தாலும், உள்ளே மிச்சமிருக்கும் சார்ஜ் மெதுவாக மறுபடி ஏறிவிடும். அதனால்தான் லேபில் நீளக் கழியில் கட்டிய எர்த் ஒயரை மாட்டி, வேலை முடியும்வரை எடுக்காமல் அப்படியே விட்டுவைக்கிறோம்.