பலகை செதுக்கும் மகளும் ஒரு தாயின் கேள்வியும்

அம்மா,

உங்கள் மகள் மரப்பலகையில் செதுக்கிக் கையால் அச்சிட்ட ஓவியங்களை என் மேசையில் வைத்துவிட்டு, "இதைப் படித்தால் பிழைத்துக்கொள்வாளா?" என்று கேட்டீர்கள். அன்று நேரமில்லாமல் பாதி பதில்தான் சொன்னேன். இரண்டு நாளாக அந்தத் தாள்களை விரித்து வைத்துப் பார்த்தேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

மொத்தம் ஒன்பது தாள்கள். எல்லாவற்றிலும் அதே மாடிப்படி, அதே ஜன்னல். முதல் நான்கில் சுவரிலுள்ள எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி விழுந்திருக்கின்றன. பலகையில் வரைந்தது தாளில் திரும்பித்தான் விழும் என்பதை மறந்து, இந்தக் கலைக்குள் நுழையும் பலரும் செய்கிற பிழை அது. ஐந்தாவது தாளில் எழுத்துகள் நேராகிவிட்டன. செதுக்கிய மரத்தை அழித்து எழுத முடியாது. புதுப் பலகை எடுத்து, எழுத்துகளைத் திருப்பி வரைந்து, படிகளையும் ஜன்னலையும் முதலிலிருந்து செதுக்கியிருக்கிறாள். தாள்களின் பின்புறம் பென்சிலில் குறிப்புகள் இருப்பதைக் கவனித்தீர்களா? "மை கூடிவிட்டது." "இடது ஓரத்தில் அழுத்தம் போதவில்லை." "தாள் இன்னும் கொஞ்சம் ஈரமாக இருக்க வேண்டும்." எனக்கு அவள்மேல் நம்பிக்கை பிறந்தது அந்தக் குறிப்புகளைப் படித்தபோதுதான்.

பதிப்போவியம் என்னும் இந்தத் துறைக்கு ஆசை மட்டும் போதாது. மரத்திலும் லினோ என்னும் மென்மையான விரிப்புத் தகட்டிலும் செதுக்காமல் விட்ட மேடுதான் மை பிடிக்கும். செப்புத் தகட்டில் அப்படியே தலைகீழ்: அமிலம் அரித்த பள்ளத்தில் மை தங்கும், உருளை அழுத்தும்போது ஈரத் தாள் அதை உறிஞ்சி எடுக்கும். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதை வைத்து நடப்பது, கல்லில் வரைந்து அச்செடுக்கும் கல்லச்சு. முறை எதுவானாலும், ஒரே பலகையிலிருந்து இருபது பிரதிகள் என்று முடிவு செய்தால் ஒவ்வொன்றிலும் 1/20, 2/20 என்று பென்சிலில் எண்ணிட்டுக் கையெழுத்திட வேண்டும். இருபதாவது தாளும் முதல் தாளைப் போலவே இருக்க வேண்டும். அந்தப் பொறுமை இருப்பவருக்குத் தன் ஓவியங்களை விற்பது ஒன்றே வழியாக இருக்காது.

பிற கலைஞர்களின் படைப்புகளை அச்சிட்டுத் தரும் தேர்ந்த அச்சாளர் என்பது தனித் தொழில். அமெரிக்காவில் கல்லச்சு தெரிந்த கைகள் அருகிவந்த நிலையில், ஜூன் வெய்ன் என்ற கலைஞர் 1960-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் டமரிண்ட் பட்டறையைத் தொடங்கினார். கலைஞர்களோடு சேர்ந்து வேலை செய்யும் அச்சாளர்களை உருவாக்குவது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. அது இன்று நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. இதைத் தவிர அருங்காட்சியகங்களில் பழைய தாள்களைப் பாதுகாக்கும் பணி, கல்லூரிப் பட்டறை மேற்பார்வை, ஆசிரியப் பணி, நூல்களுக்குப் படம் வரைதல், துணி வடிவமைப்பு என்று வழிகள் உண்டு. ஒன்றை மறைக்க மாட்டேன். சொந்தப் படைப்புகளை விற்று மட்டுமே வாழ்கிறவர்கள் குறைவு. முதல் சில ஆண்டுகள் வேறொரு வருமானமும் வேண்டியிருக்கும். இதை அவளிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள், தாங்கிக்கொள்வாள்.

கல்லூரிச் சேர்க்கை நேர்காணலில் "எதற்காக இதைச் செதுக்கினாய்?" என்று நிச்சயம் கேட்பார்கள். அதற்கான பதிலைத் தயவுசெய்து நீங்கள் தயாரித்துக் கொடுக்காதீர்கள். ஜெர்மனியின் ஓவியர் கெத்தே கோல்விட்ஸ் 1914-இல் தன் இளைய மகனைப் போரில் பறிகொடுத்தார். அந்தத் துயரத்துக்கு ஏற்ற வடிவம் உடனே அகப்படவில்லை. 1920-இல் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைப் பார்த்த பிறகே அவரும் மரத்தைக் கையில் எடுத்தார். போரைப் பற்றிய அவருடைய ஏழு மரச்செதுக்குகளில் கறுப்பு அப்பிக் கிடக்கிறது. பெற்றோரும் விதவைகளும் பிள்ளைகளை அணைத்து நிற்கும் தாய்மார்களும்தான் பெரும்பாலும் அவற்றில் இருக்கிறார்கள், போர்க்களம் இல்லை. உந்துதல் என்று நாம் சொல்வது இப்படி ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்து, சரியான கருவி கைக்கு வரும்போது வெளிப்படலாம். "எப்போது பார்த்தாலும் அந்த மாடிப்படிதானா, அழகாக வேறு எதையாவது வரையக் கூடாதா?" என்று அவளிடம் கேட்டதாகச் சொன்னீர்கள். இனி அப்படிக் கேட்க வேண்டாம், அம்மா. அந்தப் படியில் அவள் யாருக்காகக் காத்திருந்தாளோ, யாரை வழியனுப்பினாளோ, நமக்குத் தெரியாது. ஒன்பது முறை அங்கேயே திரும்பிப் போகிறாள் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைவிடப் பட்டறையைப் பாருங்கள். எத்தனை அச்சு இயந்திரங்கள் உள்ளன, வகுப்பு முடிந்த பிறகும் மாணவர்கள் வேலை செய்யலாமா, அமிலம் கையாளும் இடத்தில் காற்றோட்டம் இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். சிற்பமும் சேர்த்துக் கற்க வழியிருந்தால் இன்னும் நல்லது. சிற்பியாகப் பயின்ற இந்தியப் பதிப்போவியர் கிருஷ்ண ரெட்டி உலோகத் தகட்டையும் சிற்பம்போலவே வெவ்வேறு ஆழத்தில் செதுக்கினார். வெவ்வேறு அடர்த்தியுள்ள மைகளை மெத்தென்ற உருளையாலும் கடினமான உருளையாலும் ஏற்றி, ஒரே தகட்டிலிருந்து பல வண்ணங்களை எடுக்கும் முறையை உருவாக்கியவர்களில் அவர் முதன்மையானவர். பின்னாளில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இந்தக் கலையைக் கற்பித்தார்.

விண்ணப்பத்துக்கு முன் அவள் புதிதாக ஒரே ஒரு பலகை செதுக்கிப் பன்னிரண்டு பிரதிகள் எடுக்கட்டும். கெட்டுப்போன தாள்களையும் எறியாமல் தனியே அடுக்கி வைக்கச் சொல்லுங்கள். தேர்வாளர்களிடம் அவற்றையும் காட்டலாம். அடுத்த முறை அவளையும் அழைத்து வாருங்கள். எழுத்து இடவலம் மாறி விழுந்த அந்த முதல் பலகை இன்னும் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வரச் சொல்லுங்கள். அதைக் கையில் வாங்கிப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.