பாறை ஏறுவது சோறு போடுமா?

கேள்வி: பாறை ஏறுவதையே முழுநேரத் தொழிலாக வைத்திருக்கிறார்களாமே, பணம் எங்கிருந்து வருகிறது? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: பெரும்பாலும் ஸ்பான்சர்கள்தான். ஷூ, கயிறு, உடை செய்கிற கம்பெனிகள் மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கும், அதற்கு இவர்கள் வீடியோ, போட்டோ, விளம்பரம் என்று ஓட வேண்டும். போட்டிப் பரிசை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது ரொம்பக் கஷ்டம், அதனால் பயிற்சி கொடுப்பது, உள்ளரங்கச் சுவர்களில் பிடிகளை மாட்டிப் பாதை அமைத்துத் தருவது என்று பலரும் கூடவே செய்கிறார்கள். ஆனால் கம்பெனி தேடி வர, பேர் சொல்கிற மாதிரி ஒன்றை ஏறிக் காட்டியிருக்க வேண்டுமே! பின்லாந்துக்காரர் நல்லே ஹுக்கதைவல், லப்நோரில் உள்ள ஒரே பாறையோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டி 2016-ல்தான் ஏறி முடித்தார். 'பர்டன் ஆஃப் டிரீம்ஸ்' என்று அதற்குப் பெயர் வைத்தார், ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று அளக்கும் வரிசையில் 9ஏ தரம் சொல்லப்பட்ட உலகின் முதல் பவுல்டர் (உயரம் குறைந்த பாறை) அதுதான். கயிறு கிடையாது, கீழே மெத்தை மட்டும். 2023-ல் அதை ஏறிய இரண்டாவது ஆள் வில் போசி, அந்தப் பிடிகளின் அச்சு அசலான நகலைச் சுவரில் மாட்டி வைத்துப் பழகிவிட்டுத்தான் பின்லாந்துக்கே போனார்.

கேள்வி: என் மகளுக்குப் பதினாறு வயது. கிளைம்பிங் போட்டிகளுக்குப் போகிறாள். எடை குறைந்தால் விரலுக்குப் பாரம் குறையும் என்று இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டாள். விட்டுவிடலாமா? (ஒரு தாய், பெங்களூரு)

பதில்: விடாதீர்கள் அம்மா, இன்றைக்கே பேசுங்கள். எடை குறைந்ததும் கொஞ்ச நாளைக்கு நிஜமாகவே நன்றாக ஏற வரும், அதுதான் இதில் உள்ள ஆபத்து, குழந்தைகள் அதைப் பார்த்துத்தான் இன்னும் குறைக்கிறார்கள். அப்புறம் மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றே போகலாம், எலும்பு பலவீனமாகி லேசான அடிக்கே விரிசல் விடும். டோக்கியோவிலும் 2024 பாரிஸிலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட்டே இந்தப் பட்டினிப் பழக்கத்தை எதிர்த்து வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். சர்வதேச கிளைம்பிங் சம்மேளனம் இதில் போதுமான நடவடிக்கை எடுக்கவில்லை என்று அதன் மருத்துவக் குழுவிலிருந்த இரண்டு டாக்டர்கள் 2023-ல் விலகினார்கள், அதற்குப் பிறகுதான் 2024-ல் வீராங்கனைகளின், வீரர்களின் உடல்நிலையைச் சோதிக்கும் விதிமுறை வந்தது. இவ்வளவு தாமதமாக வந்ததில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

மாதவிடாய் ஏற்கெனவே தவறியிருந்தால் கோச்சிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக டாக்டரிடம் கூட்டிப்போங்கள். இன்னொன்று, விரலின் நடு மூட்டில் வலிக்கிறது என்று அவள் சொன்னால் தைலம் தேய்த்து மறுநாளே அனுப்பிவிட வேண்டாம். இந்த வயதில் எலும்பின் வளரும் பகுதியிலேயே விரிசல் விழுவது உண்டு, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறவரை சுவர் பக்கமே போகக் கூடாது.