62,000 ரூபாய் பேக்கேஜா, 90,000 ரூபாய் டாக்டரா? முதல் முடி மாற்று சிகிச்சைக்கு முன்

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 27. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 32,000 ரூபாய். இரண்டு வருடமாக முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. உச்சியிலும் சொட்டை தெரிய ஆரம்பித்துவிட்டது. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். இந்த ஆவணியில் பேசி முடித்தால் தையில் கல்யாணம். அதற்குள் முடி மாற்று சிகிச்சை செய்துகொள்ள நினைத்து, கோவையில் இரண்டு இடங்களில் விசாரித்தேன்.

முதலாவது, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் சென்டர். எத்தனை கிராஃப்ட் (எடுத்து நடும் முடி வேர்க்கொத்து) ஆனாலும் 62,000 ரூபாய், வாழ்நாள் கேரன்டி. வட்டியில்லா இ.எம்.ஐ. என்றால் மாதம் 6,000 வீதம் 12 மாதம். கவுன்சிலர் மேடம்தான் பேசினார். டாக்டரை ஆபரேஷன் அன்றைக்குப் பார்க்கலாம் என்றார்கள். ஆஃபர் அன்றோடு முடிகிறது என்றதால் 5,000 அட்வான்ஸ் கட்டிவிட்டேன்.

இன்னொருவர் தோல் மருத்துவர், சொந்த கிளினிக். 600 ரூபாய் ஃபீஸ் வாங்கிக்கொண்டு இருபது நிமிடம் தலையைப் பார்த்தார். சுமார் 2,000 கிராஃப்ட் தேவைப்படும், ஒன்றுக்கு 45 ரூபாய், ஜிஎஸ்டி தனி என்றார். ஆனால், "முதலில் ஆறு மாதம் மருந்து எடுங்கள், பிறகு பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார். சேமிப்பில் 70,000 இருக்கிறது. அம்மா தன் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைக்கவும் தயார். எது லாபம்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்)

பதில்: தம்பி, நீங்கள் எழுதிய இரண்டு விலைகளையும் தாண்டி என் கண் போய் நின்றது ஒரே வரியில்தான்: "டாக்டரை ஆபரேஷன் அன்றைக்குப் பார்க்கலாம்." தலையில் கை வைக்கப்போகிறவர் யார் என்றே தெரியாமல் 5,000 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். ஒரு வண்டி வாங்கினால்கூட இன்ஜினைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டீர்கள்.

இந்தச் சிகிச்சையில் புதிதாக முடி எதுவும் உண்டாவதில்லை. வழுக்கைக்குக் காரணமான ஹார்மோனுக்குப் பின்மண்டை முடி எளிதில் அசையாது. அதை வேரோடு எடுத்து முன்னால் நடுகிறார்கள், அவ்வளவுதான். எடுத்த இடத்தில் அந்த வேர் மறுபடி வராது. கிராஃப்ட் என்பது ஒன்று முதல் நான்கு முடி சேர்ந்த ஒரு சின்ன வேர்க்கொத்து. ஒருவர் ஆயுளுக்கும் எடுக்கக்கூடியது சில ஆயிரம்தான். உங்களுக்கு 27 வயதிலேயே உச்சி தெரிகிறது என்றால், 40 வயதில் எவ்வளவு தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள். பணம் போனால் ஓவர்டைம் பார்த்துச் சம்பாதிக்கலாம். பின்மண்டை அப்படியில்லை, அது வட்டி போடாத கைமுதல். "எத்தனை கிராஃப்ட் வேண்டுமானாலும்" என்கிற பேக்கேஜ், உங்கள் கைமுதலை ஒரே நாளில் அள்ளிவிடலாம் என்கிறது. அதைச் சலுகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று வருடம் முன்பு ஓர் இளைஞர் கடன் தவணையைக் குறைக்க வழி கேட்டு என் அலுவலகத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றவே மாட்டேன் என்றிருந்தவர், பேச்சு வளர்ந்ததும் கழற்றினார். முன்னால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக ஒரு வரிசை முடி, அதற்குப் பின்னால் வெட்டவெளி. பின்மண்டையில் கரையான் அரித்த மாதிரி திட்டுத் திட்டாக வெறுமை. ஃபைலில் இருந்த பில்லை எடுத்துப் பார்த்தேன். "சர்வீஸ் சார்ஜஸ்" என்று ஒரே வரி. டாக்டர் பெயர் இல்லை, கிராஃப்ட் எண்ணிக்கை இல்லை. கடனில் இன்னும் ஐந்து தவணை பாக்கி இருந்தது. சரிசெய்ய இன்னொரு மருத்துவரிடம் போனபோது, பின்மண்டையில் எடுக்க மிச்சமில்லை, தாடியிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று சொல்லி, முதல் செலவைவிட அதிகமாகக் கேட்டிருக்கிறார்கள். அவர் கடனுக்கு என்னால் வழி சொல்ல முடிந்தது. தலைக்குச் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து இந்தக் கேள்வி வந்தால் விலையைப் பற்றி நான் கடைசியில்தான் பேசுகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. 2,000 கிராஃப்டை ஒவ்வொன்றாக எடுத்து, தோலில் துளை போட்டு, நட்டு முடிக்க ஒரு முழுப் பகல் வேண்டும். தோலை மரத்துப்போக வைக்கும் ஊசி, சாப்பாட்டு இடைவேளை எல்லாம் சேர்த்தால் காலையில் உட்கார்ந்தவர் எழ சாயங்காலம் ஆகும். அந்தச் சென்டரில் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் செய்கிறார்கள், டாக்டர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். நாலு பேர், ஒரு டாக்டர் என்றால் உங்கள் பங்குக்கு அவர் இரண்டு மணி நேரம்கூட நிற்க முடியாது. மீதி நேரம் யார் கை? விளம்பரச் செலவு, கிளை வாடகை, கவுன்சிலர் சம்பளம் எல்லாம் கழித்து 62,000-க்குள் கட்டுப்படியாக வேண்டுமென்றால், டாக்டரின் நேரத்தில்தான் கை வைக்க முடியும்.

ஒரு கிராஃப்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் முறையிலும் ஓட்டை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை கூடக்கூட வருமானம் கூடும் என்பதால், தேவைக்கு மேல் எடுக்கச் சொல்லும் ஆசை அவர்களுக்கும் வரும். சில இடங்களில் 4,000 என்று சொல்வார்கள். விசாரித்தால் அது முடிக் கணக்காக இருக்கும், கிராஃப்ட் கணக்காக இருக்காது. ஆனால் உங்கள் தோல் மருத்துவர் 90,000 ரூபாய் வேலையைக் கையில் வைத்துக்கொண்டே "ஆறு மாதம் பொறுங்கள்" என்று அனுப்பியிருக்கிறார். வருகிற பணத்தைத் தள்ளிப்போடுகிறவரை நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவேன்.

நம்பிக்கை இருந்தாலும் சரிபார்க்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்து, இதில் முறையான பயிற்சியும் பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்யலாம். வொர்க்‌ஷாப்பும் யூடியூப் வீடியோவும் பயிற்சி ஆகாது என்று அதிலேயே இருக்கிறது. டாக்டர் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி, தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். கிளினிக்குக்கும் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவுச் சான்று இருக்க வேண்டும். ரிசப்ஷன் சுவரில் தொங்குகிறதா என்று பாருங்கள். இதெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2016-ல் சென்னையில் 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் இந்தச் சிகிச்சைக்குப் பின் இறந்தார். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கே அந்த நிலை. ஆக்சிஜனும் அவசர மருந்துகளும் அறைக்குள்ளேயே இருக்கிறதா, ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் முன்கூட்டியே எடுப்பார்களா என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

உங்கள் தோல் மருத்துவரிடம் திரும்பப் போகும்போது, உங்கள் வயதில், உங்கள் மாதிரியே வழுக்கை விழுந்த இரண்டு பேரிடம் பேச ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். போட்டோ காட்டினால் 12 மாதம் கழித்து எடுத்ததைக் கேளுங்கள், முடியை மேலே தூக்கி வாரிய நிலையில். கூடவே அதே ஆளின் பின்மண்டை போட்டோவையும் கேளுங்கள். அதைத்தான் யாரும் தாமாகக் காட்டுவதில்லை. எடுப்பது யார், துளை போடுவது யார், நடுவது யார் என்று தனித்தனியாகக் கேளுங்கள். நடுவதில் உதவியாளர் கூட இருக்கலாம். நெற்றிக் கோடு வரைவது, துளை போடுவது, எடுப்பது மூன்றும் டாக்டர் கையில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில்.

இனி கடன். வட்டியில்லா இ.எம்.ஐ. என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. உங்கள் கணக்கையே பாருங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் 62,000, தவணையில் 72,000. அந்த 10,000 வட்டிதான். ஆண்டுக் கணக்கில் 28 சதவீதத்தைத் தாண்டுகிறது. பிராசஸிங் ஃபீஸ் இருந்தால் அது தனி. இன்னொரு ஆபத்தும் உண்டு. கடன் கொடுக்கும் நிதி நிறுவனம் முழுத் தொகையையும் சென்டருக்கு முதலிலேயே கொடுத்துவிடும். நாளைக்குக் கிளை மூடப்பட்டாலும், முடி முளைக்காவிட்டாலும் 12 தவணையையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். வாழ்நாள் கேரன்டியும் இப்படித்தான். அந்த சென்டரின் வாழ்நாள் வரைதான் அது செல்லும்.

மருத்துவக் காப்பீடு அழகுக்கான சிகிச்சைக்குப் பணம் தராது. சாதாரண சிகிச்சைக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கும் இதற்குக் கிடையாது. 18 சதவீதம் சேர்த்தால் அந்த 90,000 ரூபாய் 1,06,200 ஆகும். பேக்கேஜ்காரர்களின் 62,000-ல் ஜிஎஸ்டி உண்டா என்று கேட்டீர்களா? ஜிஎஸ்டி வேண்டாம், பில் இல்லாமல் செய்துதருகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால் நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் கையில் இருக்கப்போகும் முதல் ஆதாரம் பில்தான். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணமும் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இதில் முழுப் பலன் தெரியவே ஏறக்குறைய ஓராண்டு ஆகிவிடும் என்பதை மறக்காதீர்கள்.

அந்த ஓராண்டுதான் உங்கள் தை மாதக் கணக்கையும் உடைக்கிறது. நட்ட முடி முதல் சில வாரங்களில் கொட்டிவிடும். மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் மறுபடி மெல்லிசாக முளைக்கத் தொடங்கும். இன்றைக்கே செய்தாலும் மணமேடையில் பாதி வளர்ந்த முடியோடுதான் உட்காருவீர்கள். முகூர்த்தத் தேதியை வைத்து அவசரப்படுவதில் பலனே இல்லை. பெண் வீட்டார் உங்களை இப்போதிருக்கும் தலையோடு பார்த்துச் சரி என்று சொல்லட்டும். உங்களுக்கும் அது நிம்மதி.

ஆறு மாதம் மருந்து என்று தோல் மருத்துவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. நட்ட முடி நிற்கும், சுற்றியிருக்கும் சொந்த முடி தொடர்ந்து உதிரும். அதை நிறுத்தாமல் நட்டால் சில வருடத்தில் நடுவில் தீவு மாதிரி தெரியும். முடி உதிர்வுக்குத் தரும் மினாக்சிடில், ஃபினாஸ்டிரைடு மருந்துகள் இரண்டையும் நிறுத்தினால் பலனும் போய்விடும் என்பதால் இது நீண்ட காலச் செலவு. மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தால்கூட ஐந்து வருடத்தில் 60,000. கிட்டத்தட்ட இன்னொரு பேக்கேஜ் தொகை. ஃபினாஸ்டிரைடு சிலருக்குத் தாம்பத்திய உறவில் நாட்டத்தைக் குறைக்கலாம். கல்யாணம் வருவதால் அதை டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

ஆக, நான் சொல்வது இது. சேமிப்பில் இருக்கும் 70,000-ஐத் தொடாதீர்கள், கல்யாணச் செலவும் அவசரச் செலவும் வரிசையில் நிற்கின்றன. தவணைக்கென்று ஒதுக்கியிருந்த 6,000-ல் 1,000 மருந்துக்கு, 5,000 வங்கியில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடுங்கள். இரண்டு வருடத்தில் வட்டியைச் சேர்க்காமலே 1,20,000 இருக்கும். ஜிஎஸ்டியோடு அந்த மருத்துவருக்குக் கொடுக்க அது போதும், கடன் வேண்டாம். அதற்குள் மருந்து எவ்வளவு தாங்குகிறது என்றும் தெரிந்துவிடும். ஒருவேளை 1,500 கிராஃப்டே போதும் என்று அவர் சொல்லலாம்.

கட்டிய 5,000-ஐத் திருப்பிக் கேட்டு இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆபரேஷன் செய்யப்போகும் மருத்துவரின் பெயர் சொல்லப்படாமலே பணம் வாங்கப்பட்டது என்று அதில் குறிப்பிடுங்கள். ரசீதை இணையுங்கள். கவுன்சிலர் மேடம் போன் செய்து இன்னும் 5,000 தள்ளுபடி தருகிறேன் என்பார். போனில் பேசாதீர்கள், எழுத்தில் பதில் கேளுங்கள். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் கிடைக்கவில்லை என்றால் அந்த 5,000 போகட்டும். அதை மீட்பதற்காக மீதி 57,000-ஐக் கட்டிவிடாதீர்கள். அம்மாவின் சங்கிலி அவர் கழுத்திலேயே இருக்கட்டும்.