“சொல்லாமலே இருந்திருக்கலாம்மா” என்கிறாள் மகள்

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரிலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். என் கணவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார். நான் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தவறாமல் போகிறவள். எங்களுக்கு ஒரே மகள், இருபது வயது. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, வசனப் போட்டி என்றே வளர்ந்த பிள்ளை. துப்பட்டா போடாமல் வாசலுக்குக்கூட வரமாட்டாள்.

போன மாதம் அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, ஊருக்கு வந்திருந்தாள். எல்லோரும் பந்திக்குப் போன நேரத்தில் என்னை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டு அழுதாள். இன்ஸ்டாகிராமில் ஒரு பையனோடு மூன்று மாதமாகப் பேசியிருக்கிறாள். ஏதோ ஒரு சபையில் கிட்டார் வாசிக்கிறேன் என்று சொல்லி, தினமும் காலையில் வசனம் அனுப்புவானாம். பிறகு தப்பான படங்கள் கேட்டிருக்கிறான். இவள் முடியாது என்று சொல்லி பிளாக் செய்துவிட்டாள். அவன் விடவில்லை. கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் வெள்ளைச் சேலை கட்டி நின்ற இவள் படத்தை எடுத்து, உடையில்லாததுபோல் மாற்றி, வேறு கணக்கிலிருந்து அனுப்பியிருக்கிறான். பயந்துபோய் மெஸ் பணத்திலிருந்து நாலாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டாள். இப்போது இருபதாயிரம் கேட்கிறான். இல்லையென்றால் எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் போடுவேன் என்கிறான்.

நான் அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். கல்லூரிக்குப் போக வேண்டாம் என்றார். அன்று இரவு குடும்ப ஜெபத்தில் நீதிமொழிகளில் மதிகேடாய் நடக்கிற அழகான பெண்ணைப் பன்றியின் மூக்கிலுள்ள பொன் மூக்குத்திக்கு ஒப்பிடுகிற அதிகாரத்தை எடுத்து வாசித்தார். பிள்ளை தலையே நிமிரவில்லை. பத்து நாளாக ஜெபத்துக்கு வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. இதற்குள் அவர் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். துபாயில் வேலை, முப்பத்தொரு வயது. அடுத்த மாதமே ஓலை வாசித்து, சபையில் கல்யாணத்தை அறிவித்துவிடலாம் என்கிறார். கல்யாணம் ஆகிவிட்டால் பாதுகாப்பு என்பது அவர் எண்ணம். எனக்கும் ஒருபக்கம் அது சரியென்றே படுகிறது. இன்னொரு பக்கம் மனது ஒப்பவில்லை. போலீசுக்குப் போனால் ஊர் சிரிக்காதா? அடக்கமாகத்தானே வளர்த்தேன், எங்கே தவறினேன்?

நேற்று தலை வாரிவிடும்போது அவள் சொன்னாள்: “சொல்லாமலே இருந்திருக்கலாம்மா.”

ஒரு தாய்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை மூன்று முறை வாசித்தேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் மகள் உங்களிடம் வந்து சொன்னாள். இருபது வயதில், இவ்வளவு அவமானத்தைச் சுமந்துகொண்டு, யாரிடம் போவது என்று யோசித்தபோது அம்மாவிடம் போகலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எங்கே தவறினேன் என்று கேட்கிறீர்களே, இந்த ஓர் இடத்தில் நீங்கள் தவறவே இல்லை. ஆனால் சொன்ன நாளிலிருந்து அவளுக்குக் கிடைத்தது என்ன? போன் போனது, படிப்பு நின்றது, குடும்ப ஜெபத்தில் எல்லோர் முன்னிலும் அந்த வசனம் வந்தது, முன்பின் பேசியிராத ஒருவருக்குக் கல்யாணப் பேச்சும் வந்துவிட்டது. மிரட்டியவனுக்கு இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. சொன்னதற்கு இதுதான் கூலி என்றால், அடுத்த முறை அவள் எதையும் சொல்லமாட்டாள்.

எதற்கும் முன்னால் ஒரு காரியம். இன்று இரவு அவள் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்த பிறகு நேரடியாகக் கேளுங்கள்: “செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதாம்மா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஏற்படுத்திவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. அடக்கி வைத்திருப்பவர்களுக்கு வாய் திறக்க வழிதான் கிடைக்கிறது. ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, அவளைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். நம் மாநிலத்தின் 104 சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. மறுநாளே ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஜெபமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை. லூக்கா ஒரு வைத்தியர்தானே.

சரி, அடக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நானும் பழைய வழியில் நம்பிக்கை உள்ளவள். உடையில் அடக்கம் வேண்டும், கல்யாணம்வரை சரீரத்தைப் பரிசுத்தமாகக் காக்க வேண்டும், பெற்றோருக்குத் தெரியாத சிநேகம் நல்லதல்ல என்பவற்றை நான் இன்னமும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் கொடுக்கிறேன், கொடுப்பேன். அந்த நம்பிக்கையோடுதான் சொல்கிறேன்: உங்கள் மகள் கேரல் ஆராதனையில் வெள்ளைச் சேலை கட்டி நின்றவள். ஒரு தாய் அதற்குமேல் என்ன அடக்கத்தைக் கற்றுக்கொடுக்க முடியும்? அந்தப் படத்தில் இருந்த அசுத்தம் முழுவதும் அதை மாற்றியவனுடையது. ஒரு ஸ்திரீயை இச்சையோடு பார்க்கிறவன் தன் இருதயத்தில் ஏற்கெனவே பாவம் செய்தாயிற்று என்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொன்னபோது, கணக்குக் கேட்டது பார்க்கிறவனிடம். நம் ஓய்வுநாள் பள்ளிகளில் பெண் பிள்ளைகளின் துப்பட்டாவைக் கவனிக்கிற அளவுக்குப் பையன்களின் கண்ணைப் பற்றிப் பேசுகிறோமா என்றால், இல்லை. பல வருடங்கள் வகுப்பெடுத்த நானும் பேசவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

அவள் செய்த தவறும் இருக்கிறது. மூன்று மாதம் மறைத்துப் பேசினாள். வசனம் அனுப்புகிறவனெல்லாம் விசுவாசி என்று நம்பினாள். இதைப் பற்றி அவளிடம் பேசத்தான் வேண்டும். ஆனால் இப்போது வேண்டாம். கிணற்றில் விழுந்த பிள்ளையை மேலே தூக்கிய பிறகுதானே, ஏன் அங்கே போனாய் என்று கேட்போம்! அவன் தப்பான படம் கேட்டபோது முடியாது என்று சொல்லி பிளாக் செய்தாளே, அதையும் மறந்துவிடாதீர்கள். ஒருவரும் பார்க்காத இடத்தில், தனியாக, அவள் எடுத்த முடிவு அது. நீங்கள் கற்றுக்கொடுத்தது அங்கே அவளோடு நின்றிருக்கிறது. இதை அவளிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

கல்யாணத்தைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இது பாதுகாப்பு அல்ல. அவனிடம் படம் அப்படியே இருக்கிறது. இன்று சபைக் குழுவில் போடுவேன் என்கிறவன், நாளை மாப்பிள்ளைக்கு அனுப்புவேன் என்பான். அப்போது அவன் கேட்கிற தொகையும் கூடும், அவள் பயமும் கூடும். ஓடிவந்து சொல்ல அம்மா பக்கத்தில் இருக்கமாட்டாள். இன்னொரு விஷயம், இந்த மாப்பிள்ளையைப் பற்றி உங்கள் மகள் என்ன நினைக்கிறாள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆதியாகமம் 24-ல் ஈசாக்குக்குப் பெண் கேட்டு ஆபிரகாமின் ஊழியக்காரன் வந்தபோது, தகப்பன் வீட்டார் எல்லாம் பேசி முடித்த பிறகும், “பெண்ணை அழைத்து, அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம்” என்றார்கள். நீ இந்த மனிதனோடேகூடப் போகிறாயா என்று ரெபெக்காளிடம் கேட்டார்கள். போகிறேன் என்று அவளே சொன்னாள். அவ்வளவு பழைய காலத்திலேயே வாய்ப்பிறப்பைக் கேட்டிருக்கிறார்கள். நம் திருமண ஆராதனையிலும் சபைப் போதகரான ஐயர் அவளைப் பார்த்துச் சம்மதமா என்று சபை கேட்கத்தான் கேட்பார். பயத்தில் வருகிற சம்மதத்தைக் கர்த்தருடைய சமுகத்தில் சொல்ல வைக்கலாமா? அவள் டிகிரியை முடிக்கட்டும். அதற்குப் பிறகு நல்ல இடமாகப் பாருங்கள், அவளையும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடிக்காமல், கத்தாமல், போனை மட்டும் பூட்டிவைத்த மனிதர் உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருக்கிறார். என்ன செய்வது என்று தெரியாததால்தான் கல்யாணத்தைச் செய்யப் பார்க்கிறார். அவர் வேதத்தை மதிக்கிறவர், அதனால் வேதத்தைக் கொண்டே பேசுங்கள். 2 சாமுவேல் 13-ஐ இருவரும் சேர்ந்து வாசியுங்கள். தாவீது ராஜாவின் மகள் தாமாருக்குப் பாலியல் அநியாயம் நடந்தது. அண்ணன் அப்சலோம் மவுனமாயிரு என்றான். தகப்பன் தாவீது கேள்விப்பட்டு மிகவும் கோபப்பட்டான். ஆனால் மகளுக்காக அவன் எதுவும் செய்ததாக அந்த அதிகாரத்தில் இல்லை. அவள் அண்ணன் வீட்டில் “தனிப்படக் கிடந்தாள்” என்றுதான் இருக்கிறது. இன்று உங்கள் வீட்டு உள்ளறையில் ஒரு பிள்ளை அப்படித்தான் கிடக்கிறாள். பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயரில் பவுல் எழுதுவதும் தகப்பன்மாருக்குத்தான். அவர் வீட்டுக்குத் தலை, நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். தலை முன்னால் நடக்கட்டும். புகார் கொடுக்கப் போகும்போது மகளுக்குப் பக்கத்தில் அவர் இருக்க வேண்டும்.

புகார் கொடுக்கத்தான் வேண்டும். இருபதாயிரம் கொடுத்தால் அடங்குவான் என்று நினைக்காதீர்கள். நாலாயிரம் வாங்கியவன்தான் இருபதாயிரம் கேட்கிறான். இனி ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது, பதிலும் எழுதக் கூடாது. பீரோவில் இருக்கும் போனை எடுத்து மகள் கையிலேயே கொடுங்கள், அதுதான் சாட்சி. எதையும் அழிக்காமல், அவன் அனுப்பிய செய்திகள், கணக்குப் பெயர், பணம் போன யுபிஐ எண், வங்கிக் குறிப்பு எண், தேதி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கட்டும். பணம் போயிருப்பதால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பகுதி உண்டு. பெயர் சொல்லாமலும் அதில் தகவல் கொடுக்கலாம். ஆனால் அவனைப் பிடிக்க வேண்டுமென்றால் பெயரோடு, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நேரில் கொடுப்பதே நல்லது. பெண் காவலரிடம் பேச வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணிலும் வழி சொல்வார்கள்.

படம் பரவுமோ என்கிற பயத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. ஸ்டாப் என்சிஐஐ (StopNCII.org) என்று ஓர் இலவச இணையதளம், பதினெட்டு வயது ஆனவர்களுக்கானது. படம் அவள் போனைவிட்டு எங்கும் போகாது. அதிலிருந்து ஓர் அடையாள எண்ணை மட்டும் உருவாக்கி, இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுப்பார்கள். அதே படத்தை யாராவது அங்கே ஏற்றினால் அடையாளம் கண்டு தடுக்க அது உதவும். ஏற்கெனவே ஏற்றியிருந்தால் அந்தந்த நிறுவனத்திலும் புகார் செய்யலாம். இப்படி மாற்றிய படங்களைப் பற்றிப் புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று 2021-ல் வந்த விதிகளே சொல்லியிருந்தன, 2026-ல் அந்தக் கெடு இன்னும் குறைக்கப்பட்டது.

ஊர் சிரிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பக்கத்து ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கோயில் பணிக்கென்று கொடுக்கப்படவிருந்த ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று, பிரீனா என்று பெயர், தப்பித்து ஓடியது. முதல் முறை ஓடியது தூத்துக்குடியிலிருந்த தன் அம்மாவிடம்தான். தேடிக்கொண்டு வந்தவர்கள் தெய்வக் குற்றமாகிவிடும் என்று மிரட்ட, அந்தத் தாய் பயந்து, தன்னைக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளையின் கைகளைப் பிரித்துவிட்டு ஒப்படைத்துவிட்டாள். தப்பி ஓடியதற்குத் தண்டனையாக அந்தக் கைகளில் சூடு போட்டார்கள். 1901 மார்ச்சில் மறுபடியும் தப்பியபோது குழந்தை அம்மாவிடம் போகவில்லை. பண்ணைவிளையில் தங்கியிருந்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் போனது. அவர் அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். ஆபத்திலிருந்த பிள்ளைகளை மீட்டு வளர்த்த டோனாவூர் ஐக்கியத்தின் தொடக்கம் அதுதான். அந்தத் தாயை நான் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். அவளுக்கும் ஊரை நினைத்துப் பயம் இருந்திருக்கும். உங்கள் பிள்ளையின் கை இன்னும் உங்கள் கழுத்தில்தான் இருக்கிறது, சகோதரி.

சபைக் குழுவில் போட்டுவிடுவானோ என்பதுதான் உங்கள் கணவருக்குப் பெரிய பயமாக இருக்கும். அவரே ஐயரிடம் தனியாகப் போய், இப்படி ஒருவன் என் மகளின் படத்தை மாற்றி மிரட்டுகிறான், புகார் கொடுக்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடட்டும். ஐயர் மூலம் குழுவை நடத்துகிறவருக்கும் தெரிந்துவிட்டால், அப்படி ஏதாவது வந்தால் உடனே எடுத்துவிடுவார்கள். தகப்பன் வாயால் முதலில் தெரிந்த செய்தியை வைத்து மிரட்டுவது அவனுக்கும் கஷ்டம். கமிட்டி முழுவதற்கும் சொல்ல வேண்டியதில்லை. ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் சங்கத்துப் பெண்களிடமும் சொல்லிவிடாதீர்கள்.

கல்லூரிக்கும் போன் செய்யுங்கள். பத்து நாள் வராததற்கு உடல்நலக் குறைவு என்று சொன்னால் போதும், வருகைப் பதிவு குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போகத் தைரியம் வரவில்லை என்றால் முதல் வாரம் நீங்களும் பாளையங்கோட்டையில் உறவினர் வீட்டில் தங்கி, அவளோடு போய் வாருங்கள். குடும்ப ஜெபத்துக்கு வா என்று வற்புறுத்த வேண்டாம். நீங்கள் இருவரும் அவள் அறை வாசலில் உட்கார்ந்து, கதவு திறந்திருக்க, ஒரு பாமாலைப் பாட்டு மட்டும் பாடி முடியுங்கள். பாடகர் குழுப் பிள்ளை அவள், எந்தப் பாட்டு பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை மூன்று பேருமாகப் பஸ் ஏறுங்கள். போகும் முன் போனை முழுக்க சார்ஜ் செய்துகொள்ளுங்கள், அவளுடைய ஆதார் அட்டையும் வங்கிக் கணக்குப் புத்தகமும் கையில் இருக்கட்டும். போய்வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

கர்த்தருக்குள் அன்புள்ள
அக்கா