கூண்டு பெரிதானால் சண்டை தீராது

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "டாக்டர், எங்கள் வீட்டில் நான்கு வருடமாக ஓர் ஆண் காக்டெயில் கிளி இருக்கிறது. போன வருடம் ஒரு ஜோடி ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் வாங்கினோம். மகன் ஆசைப்பட்டான் என்று இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சன் கான்யூர் கிளியும் வந்தது. அதிலிருந்து வீட்டில் ஓயாத சண்டை. மூன்று நாளைக்கு முன் காக்டெயில் லவ் பேர்ட்ஸ் கூண்டின் மேல் போய் உட்கார்ந்தது. உள்ளே இருந்தபடியே அதன் விரலைக் கடித்து ரத்தம் வரவைத்துவிட்டன. பறவை வாங்கிக் கொடுத்தவர், 'ஆறடிக் கூண்டு ஒன்று தருகிறேன், எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள், பத்து நாளில் பழகிவிடும்' என்கிறார். வாங்கலாமா?"

வேண்டாம். அந்தப் பணத்தில் தனித்தனியாக நல்ல கூண்டுகள் வாங்குங்கள். அதற்கு மேல் மிச்சமும் இருக்கும்.

உங்கள் வீட்டில் இருப்பவை மூன்று கண்டத்துப் பறவைகள். காக்டெயில் ஆஸ்திரேலியா, லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கா, சன் கான்யூர் தென் அமெரிக்கா. காட்டில் இவை ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. காக்டெயிலுக்குப் பிடிக்கவில்லை என்றால் கொண்டையைப் படிய வைத்துக்கொண்டு 'உஸ்' என்று சீறும். இன்னொரு காக்டெயிலாக இருந்தால் விலகிப் போய்விடும். லவ் பேர்டுக்கு அந்தப் பாஷை தெரியாது. அது நேரே காலுக்குத்தான் போகும். எடையில் காக்டெயில் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆனாலும் தோற்பது அதுதான். சுபாவத்தில் அது விட்டுக்கொடுக்கிற பறவை.

வெளியே என்றால் பறந்து தப்பிக்கலாம். கூண்டு ஆறடியோ எட்டடியோ, அதற்குள் தப்பிக்க இடமில்லை. இருட்டில் ஒன்று மிரண்டு படபடத்தால் எல்லாம் சேர்ந்து மோதிக்கொள்ளும். காலையில் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, அட்டைப்பெட்டியில் பறவையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். யார் சொல்லி ஒன்றாகப் போட்டீர்கள் என்று கேட்டால், பதில் அநேகமாக "விற்றவர் சொன்னார்" என்றுதான் வரும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "எங்கள் சித்தப்பா வீட்டில் காக்டெயிலும் லவ் பேர்ட்ஸும் ஒரே கூண்டில்தானே இருக்கின்றன?" என்று யாராவது உங்களிடம் கேட்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்றாலே பல வருடமாகப் பட்ஜிதான். பச்சை, நீலம், மஞ்சள் நிறங்களில், முதுகில் அலையலையாகக் கோடு போட்டு, நீள வாலோடு ஒரு கூண்டில் பத்து உட்கார்ந்திருக்குமே, அது. பட்ஜியும் ஆஸ்திரேலியப் பறவை, காக்டெயிலைப் போலவே வறண்ட நிலத்தில் கூட்டமாக வாழ்வது. இந்த இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். அதற்கும் தாராளமான இடம் வேண்டும், தீனிக் கிண்ணம் இரண்டு மூன்று இடத்தில் இருக்க வேண்டும், உட்காரும் குச்சிகள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், கூண்டுக்குள் முட்டையிடும் பானையோ பெட்டியோ இருக்கக் கூடாது. அப்படியும் சில பட்ஜிகள் காக்டெயிலின் காலைச் சீண்டிக்கொண்டே இருக்கும், அவற்றைப் பிரித்துவிட வேண்டியதுதான். ஆனால் உங்களிடம் இருப்பது குட்டை வால், தடித்த அலகு, உருண்டை உடம்பு கொண்ட ஆப்பிரிக்க லவ் பேர்ட். பெயர் ஒன்றாக இருக்கலாம், சுபாவத்தில் அதற்கும் பட்ஜிக்கும் சம்பந்தம் இல்லை. விற்பவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். சொன்னால் கூண்டு விற்காது, அவ்வளவுதான்.

சரி, இப்போது வீட்டில் என்ன செய்வது?

கூண்டுகளை முதலில் தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் கம்பி வழியாகவே விரலைக் கடித்துவிடும். நடுவே குறைந்தது ஓர் அடி இடைவெளி இருக்கட்டும். வெளியே விடுவதை முறை வைத்துச் செய்யுங்கள்: காலையில் காக்டெயில் என்றால் மாலையில் கான்யூர், அப்புறம் லவ் பேர்ட்ஸ். ஒன்று வெளியே இருக்கும்போது மற்றவற்றின் கூண்டு அடுத்த அறையில் இருக்க வேண்டும். மேலே துணி போட்டு மூடினால் போதாது. துணியையும் கடிக்கும், துணிக்கு மேல் வந்து உட்காரும் காலையும் கடிக்கும்.

லவ் பேர்ட்ஸ் கூண்டில் பானை தொங்குகிறதா? எடுத்துவிடுங்கள். பானை இருந்தால் அது அவற்றின் வீடு, கிட்டே வருகிற எல்லாரும் திருடர்கள். எல்லாக் கூண்டுகளுக்கும் ராத்திரி பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். பதினோரு மணி வரை டிவி ஓடுகிற ஹாலில் கூண்டை வைத்துவிட்டு, பறவை எரிச்சல்படுகிறது என்று சொல்லிப் பயனில்லை. வெளிச்சம் நீள நீள அவற்றுக்கு இனப்பெருக்க வேகம் ஏறும், கோபமும் கூடவே வரும். மகனிடம் ஒன்று சொல்லுங்கள். கான்யூரைத் தலையிலும் கழுத்திலும் தடவலாம், முதுகில் தடவக் கூடாது. அதுவும் அந்த வேகத்தைத் தூண்டும்.

காலையில் முதலில் பேச்சுக் கொடுப்பதும் முதலில் தீனி வைப்பதும் பழைய பறவைக்கு, அதாவது காக்டெயிலுக்கு. புதிதாக வந்ததைக் கொஞ்சுகிற ஆர்வத்தில் பழையதை மறந்துவிடுகிறோம், அது ஒடுங்கிப்போகிறது.

அந்தத் தரகர் அடுத்து என்ன சொல்வார் என்றும் சொல்லிவிடுகிறேன். "சிறகை வெட்டிவிடலாம், அடங்கிவிடும்" என்பார். வெட்டிய பறவையால் தப்பிக்க முடியாது, கடி இன்னும் அதிகமாகத்தான் விழும். "அலகு நுனியைக் கொஞ்சம் நறுக்கிவிடலாம்" என்பார். அலகுக்குள் ரத்தமும் நரம்பும் ஓடுகின்றன, தொட விடாதீர்கள். "லவ் பேர்ட்ஸ் கடிக்கிறதா, இன்னொரு ஜோடி கொடுக்கிறேன்" என்பார். ஜோடி என்று அவர் கொடுத்ததே ஜோடிதானா? பீச் ஃபேஸ் என்ற வகை ஆப்பிரிக்க லவ் பேர்டில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். இடுப்பெலும்பைத் தடவிச் சொல்வதை நம்ப முடியாது. இரண்டு பெண்களை ஜோடி என்று தள்ளிவிட்டிருந்தால் அவை ஒன்றையொன்றே கிழித்துக்கொள்ளலாம். இறகைக் கொடுத்து டிஎன்ஏ பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள். உங்கள் கையால் எடுத்த இறகை நீங்களே லேபுக்கு அனுப்புங்கள். அவர் கொடுக்கும் டிஎன்ஏ அட்டை எந்தப் பறவையுடையது என்று யாருக்குத் தெரியும்?

கடைசியாக, "கான்யூரை எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கலாம்" என்பார். இதில் கவனம் வேண்டும். சன் கான்யூர், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் உள்ள பறவை. 2022 திருத்தத்துக்குப் பிறகு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் அது வருகிறது. 2024 விதிகளின்படி வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். பறவையை விற்றவர் இதைச் சொல்லவில்லை என்றால் ரசீதும் கொடுத்திருக்க மாட்டார். அதை இப்போதே கேட்டு வாங்குங்கள். எக்ஸ்சேஞ்சுக்கு "பச்சைக்கிளி தருகிறேன்" என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். நம் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே குற்றம்.

செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் படம் போட்டு, டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டியில் பறவையை அடைத்து பஸ்ஸில் ஏற்றி விடுகிறவரை அந்த விதி என்ன செய்யப்போகிறது? பொறுப்பெல்லாம் வாங்கியவர் தலையில். படிவத்தை நிரப்பத் தெரியாமல் திணறுவதும் அவர்தான், பறவை டாக்டரைத் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம் அலைவதும் அவர்தான். கால்நடைப் படிப்பில் மாட்டுக்கும் கோழிக்கும் கொடுக்கிற இடத்தில் கொஞ்சம் கிளிக்கும் கொடுத்தால்தான் இந்த அலைச்சல் குறையும்.

பிரித்து வைத்து ஒரு மாதம் போகட்டும். அதன்பின் காக்டெயிலையும் கான்யூரையும் மட்டும், யாருடைய கூண்டும் இல்லாத ஓர் அறையில், நீங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு பத்து நிமிடம் வெளியே விட்டுப் பாருங்கள். எட்ட எட்ட இருந்து தின்றால் போதும், நட்பை எதிர்பார்க்காதீர்கள். லவ் பேர்ட்ஸை இந்தச் சோதனைக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

அந்த விரலுக்கு மஞ்சள் குழைத்த தேங்காய் எண்ணெய் தடவியிருந்தால் நிறுத்துங்கள். எண்ணெய் இறகில் ஏறினால் பறவையால் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. மறுபடி ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கிளிக்கு ஒரு காலில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நாலு விரல்தான், எதை இழந்தாலும் பிடிமானம் குறைந்துவிடும். விரல் வீங்கியிருந்தாலோ, நுனி கறுத்திருந்தாலோ, குச்சியில் அந்தக் காலை ஊன்றாமல் தூக்கி வைத்திருந்தாலோ நாளைக் காலையே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.