‘அன்னா’வை முதலில் பாடியவர் ஆர்தர் அலெக்சாண்டர்

பீட்டில்ஸ் பாடிய ‘அன்னா’ யாருடைய பாட்டு, அவர் ஏன் பெரிய ஆளாகவில்லை என்பது கேள்வி. ரிதம் அண்ட் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டு வகை) பக்கம் புதிதாக வந்திருக்கிறீர்கள் போல. பாட்டை எழுதியவரும் முதலில் பாடியவரும் அலபாமாக்காரர் ஆர்தர் அலெக்சாண்டர். 1962இல் டாட் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது.

அவர் பாடியதையும் பீட்டில்ஸ் பாடியதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். மூலத்தில் ஃப்ளாய்ட் கிரேமர் பியானோவில் வாசிக்கும் துணுக்கைத்தான் பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் கிதாருக்கு மாற்றினார். 1963 பிப்ரவரி 11 அன்று நடந்த பீட்டில்ஸ் பதிவில் ஜான் லெனன் சளி பிடித்த தொண்டையோடு மன்றாடிப் பாடுகிறார். அலெக்சாண்டர் மன்றாடுவதில்லை, குரலை உயர்த்தாமலே, போகிறவளைப் போகவிடுகிறார். பீட்டில்ஸ் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம், லெனனும் பிரமாதம்தான்.

‘திறமை போதவில்லை’ என்பவர்களுக்கு ஒன்று: பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், பாப் டிலன் மூன்று தரப்பும் இவர் எழுதியதைப் பாடியிருக்கிறார்கள். சறுக்கியது வேறு இடத்தில். ‘யூ பெட்டர் மூவ் ஆன்’ பாட்டை 1961இல் தயாரிப்பாளர் ரிக் ஹால் அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஊரில் ஒரு பழைய புகையிலைக் கிடங்கில் பதிவு செய்தார். அமெரிக்க பாப் பட்டியலில் 24ஆம் இடம். அந்தக் காசில் ஹால் அவலான் அவென்யூவில் புது ஃபேம் ஸ்டுடியோ கட்டினார். பிறகு வில்சன் பிக்கெட்டும் அரீத்தா ஃபிராங்க்ளினும் பாடியது அங்கேதான். அலெக்சாண்டரை டாட் நாஷ்வில்லுக்கு அழைத்துப்போய் கன்ட்ரி-பாப் (அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் பாப்) பக்கம் திருப்பியது. ஆல்பத்தை நிரப்ப அடுத்தவர் ஹிட்களையும் பாட வைத்தார்கள்.

அவர் குரலால் பேர் வாங்கிய ‘சோல்ஜர் ஆஃப் லவ்’, ‘எ ஷாட் ஆஃப் ரிதம் அண்ட் ப்ளூஸ்’ இரண்டும் பிறர் எழுதியவை. அமெரிக்க ஏஎம், எஃப்எம் வானொலி ஒலிபரப்புக்குப் பாடலாசிரியருக்கும் பதிப்பாளருக்கும்தான் ராயல்டி. பாடியவருக்குச் சல்லிக்காசு கிடையாது. இன்றுவரை இதே அநியாயம்தான். அலெக்சாண்டர் 1972இல் பாடிய ‘பர்னிங் லவ்’ கண்டுகொள்ளப்படவில்லை. அதே ஆண்டு எல்விஸ் பாடி இரண்டாம் இடம் வரை ஏறியது.

1975இல் சின்னதாக ஒரு ஹிட். பிறகு கிளீவ்லாந்தில் பஸ் ஓட்டினார். 1993இல் ‘லோன்லி ஜஸ்ட் லைக் மீ’ ஆல்பத்தோடு திரும்பினார். அதே ஆண்டு ஜூன் 9 அன்று மாரடைப்பில் காலமானார், வயது 53.

கேட்பதென்றால் 1961–62 டாட் பதிவுகளில் தொடங்குங்கள். கடைசி ஆல்பத்தில் ‘கோ ஹோம் கேர்ள்’ போன்ற பழைய பாடல்களை மறுபடி பாடியிருப்பதால், தேடும்போது ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.